எதிர்ப்பக்கத்துப் பிள்ளைகள்

எங்கள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் பாடப் புத்தகம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வாத்தியார் அதைத் தம் முன்னால் ஒரு பலகையில் விரித்து வைப்பார். சம்பளம் கட்டிப் படிக்கிற பண்ணையார் வீட்டுப் பிள்ளைகள் அவருக்கு இரண்டு பக்கமும் உட்காருவார்கள். கட்ட வக்கில்லாத நாங்கள் எதிரே. எங்கள் பக்கமிருந்து பார்த்தால் எழுத்தெல்லாம் தலைகீழ். அதனாலென்ன, தலைகீழாகவே படிக்கக் கற்றுக்கொண்டோம். நான் அதில் சூரன். பண்ணையார் வீட்டார் எழுத்துக்கூட்டி முக்கிக்கொண்டிருக்கும்போதே வரியை முடித்துவிடுவேன். கரும்பலகையில் வாத்தியார் எழுதுவது கூட்டெழுத்து. அச்செழுத்தை நேராகப் பார்க்கும் பாக்கியம் எனக்கு வாய்க்கவே இல்லை. அது ஒரு குறை என்றும் தெரியாது.

ஒரு நடவுக் காலத்தில் அம்பாசமுத்திரத்திலிருந்து வில்வண்டியில் இன்ஸ்பெக்டர் வந்தார். நன்றாக வாசிக்கிற ஒரு பிள்ளையைப் பாளையங்கோட்டை ஹைஸ்கூலில் சம்பளமில்லாமல் சேர்க்க அவர் எழுதிக் கொடுப்பார். கிடைக்காவிட்டால் நான் மறுநாளே வயலில் இறங்க வேண்டும். அப்பா நாற்றுப் பறிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, சேற்றுக் காலோடு வாசலில் வந்து நின்றார்.

வாத்தியார் முதலில் என்னைத்தான் கூப்பிட்டார். இன்ஸ்பெக்டர் புத்தகத்தை நேராகக் கையில் கொடுத்தார். ஒரு எழுத்தும் பிடிபடவில்லை. சட்டென்று தலைகீழாகத் திருப்பி மடமடவென்று வாசித்தேன்.

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். "புஸ்தகத்தைப் பிடிக்கவே தெரியலை, அத்தனையும் மனப்பாடம்! ஏன் ஓய் வாத்தியாரே, இதுதான் நீர் சொல்லிக்கொடுக்கிற லட்சணமா?"

"வேற பக்கம் எடுத்துத் தாங்கய்யா, வாசிக்கேன்" என்றேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வாத்தியாரைப் பார்த்தேன். அவர் உண்மையைச் சொன்னால் போதும். ஆனால் பிள்ளைக்கொரு புத்தகம் உண்டு என்றுதான் பள்ளிக்கூடத்தார் சர்க்காருக்குச் சொல்லியிருந்தார்கள். பொய் வெளிப்பட்டால் சர்க்கார் கொடுக்கிற கிராண்டுப் பணம் நின்று பள்ளிக்கூடத்தையே மூட வேண்டியதுதான். அவர் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தரையையே பார்த்தார். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அவரும்தான் என்ன செய்வார்!

"நல்லாத்தானல படிச்ச? பொறவு அவரு ஏன் சிரிச்சாரு?" என்று வீட்டுக்குப் போகும் வழியில், புத்தகத்தையே தொட்டறியாத அப்பா கேட்டார். மறுநாள் அவரோடு வயலில் இறங்கினேன்.

அடுத்த வருஷம் என் தம்பி இங்கிலீஷ் வகுப்புக்கு ஏறினான். "வாத்தியார் பக்கமாப் போயி உக்காருல" என்று கெஞ்சி அனுப்பினேன். நாற்றுமுடிச் சுமையோடு அந்த வழியே போகும்போது எட்டிப் பார்த்தேன். அவனை எதிரேதான் உட்கார்த்தியிருந்தார்கள். கழுத்தை நீட்டி, எல்லாருக்கும் முந்தி அவன் வரியை முடித்தான்.