இத்தாவில் எரிந்த போறணை

எங்கள் பேக்கரியின் பின்பக்கத்தில் ஒரு மரத் துடுப்பு இருக்கிறது. படகுத் துடுப்பு அல்ல. விறகுப் போறணை என்கிற ரொட்டி அடுப்புக்குள் பாண் அச்சுகளைத் தள்ளவும், வெந்ததும் இழுத்தெடுக்கவும் பயன்படுவது, ஓர் ஆளை விட நீளமானது. அதன் காம்பில், கை பிடிக்கும் இடத்துக்குச் சற்று மேலே ஓர் ஆழமான வெட்டு. வெட்டைச் சுற்றி மரம் கறுத்திருக்கும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் நெருப்புப் பட்ட கறுப்பென்று நினைத்துக்கொள்வார்கள். நானும் அவர்களுக்கு விளக்கம் சொல்வதில்லை. அது என் மாமியின் இரத்தம்.

மாமி என்றால் என் மனைவியின் உம்மா. நான் பாலமுனையில் பிறந்து கல்முனைக்கு மாப்பிள்ளையாக வந்தவன். எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குத்தான். ஆண் தன் உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மனைவி வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான். பேக்கரி நின்ற வளவும் அப்படித்தான் மாமிக்கு அவருடைய உம்மா கொடுத்தது. மாமா அதில் பாண் சுட்டு விற்றார். சண்டைக் காலத்தில் ஒருநாள் கொழும்பிலிருந்து கோதுமை மா ஏற்றி வந்த லொறியோடு அவரை வழியில் மறித்து எரித்துவிட்டார்கள். யார் எரித்தது என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு கதை இருந்தது. எங்களுக்குக் கிடைத்தது ஒரு சாக்குக்குள் அடங்கிவிட்டது. மாவும் மனிதனும் சேர்ந்து கருகிய அந்த வாடையை முகர்ந்த பிறகு, அடிப்பிடித்த பாணை என் மனைவி இன்றுவரை கையால் தொடுவதில்லை.

மாமி இத்தாவில் அமர்ந்தார். கணவனை இழந்தவள் மாதக்கணக்கில் வெள்ளை உடுத்து, அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் வீட்டுக்குள் இருக்க வேண்டிய காலம் அது. இத்தா முடிவதற்குள் பேக்கரியைத் தங்கள் பக்கம் இழுத்துவிடலாம் என்று மாமாவின் தம்பிமார் கணக்குப் போட்டார்கள். "பொம்புளைக்கு ஏலாத வேல இது, எங்கட கையில தாங்க" என்று வாசலில் நின்று கேட்டார்கள். மாமி திரைக்குப் பின்னாலிருந்து பதில் சொன்னார். "வளவு என்ட. போறணை என்ட வளவுலதான் இரிக்கி. நான் மவுத்தானா வந்து கேளுங்க."

வீட்டுக்கும் பேக்கரிக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அதற்கு அந்தப் பக்கம் பாயில் இருந்தபடியே மாமி வியாபாரத்தை நடத்தினார். மருமகன் என்பதால் ஆண்களில் நான் மட்டும் உள்ளே போய் அவர் முகத்தைப் பார்த்துக் கதைக்கலாம். மற்றவர்களுக்கு மாமி வெறும் குரல். மா பிசைகிறவர்கள் கை ஓய்ந்தால் பலகைக்குப் பின்னாலிருந்து ஒரு செருமல் வரும், மறுபடி மேசை அதிரத் தொடங்கும். துவக்கோடு வந்தவர்களும் பலகையோடுதான் கதைக்க வேண்டியிருந்தது. இயக்கப் பொடியன்மார் ஒருநாள் வருவார்கள், சீருடைக்காரர் மறுநாள் வருவார்கள். "காசு தந்தாலும் பாண், துவக்கக் காட்டினாலும் பாண். இஞ்ச வேற ஒண்டும் இல்ல மகன்" என்பார் மாமி. ஒரு பலகையை வெருட்டுவது எப்படி என்று அவர்களுக்குத் தெரியவில்லை. பாணை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

போறணையைப் பார்த்துக்கொண்டவர் ஒரு தமிழர், கிறிஸ்தவர். போறணை பாஸ் என்போம். மாமாவோடு சேர்ந்து அந்தப் போறணைக்குக் கல் வைத்தவரே அவர்தான். மாமி அவரை அண்ணன் என்பார், அவர் மாமியைத் தங்கச்சி என்பார். அதிகம் பேசாத மனிதர். வேர்வையைத் துடைக்கத் தோளில் ஒரு துவாய், வாயில் வெற்றிலை, அவ்வளவுதான்.

விறகுப் போறணையை முழுதாக ஆற விடுவது பேக்கரிக்காரருக்குப் பிடிக்காத காரியம். மாரியில் ஆறினால் கல் ஈரம் குடிக்கும். திரும்ப மூட்டும்போது வெடிக்கும். எல்லாப் பேக்கரியிலும் உள்ள வழக்கம்தான் இது. மாமாவின் மவுத்துக்குப் பிறகு மாமிக்கு மட்டும் அது வழக்கம் என்பதைத் தாண்டிப் போய்விட்டது. "அவர் மூட்டின நெருப்பு" என்பார். அதற்கு மேல் யாரும் வாய் திறக்க முடியாது. ஊருக்குள் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பேச்சு முறிந்து, சந்தைக்குப் போவதே நின்றுபோன அந்த வாரத்தில் பாஸ் பலகைச் சுவருக்கு முன்னால் வந்து நின்று, துவாயைக் கையில் முறுக்கிக்கொண்டு கேட்டார். "தங்கச்சி, ரெண்டு மூண்டு நாளைக்கு நெருப்ப அணைச்சுப்போட்டு நான் வீட்ட போறனே. நிலம சரியில்ல."

"ஆறினா நாம எழும்ப மாட்டம் அண்ணன்" என்றார் மாமி. "ஆர் வரப்போற? இது என்ட வளவு. உங்கள்ல கை வைக்க ஆருக்கும் துணிவு வராது."

பாஸ் என்னைப் பார்த்தார். பிறகு ஓம் என்று தலையாட்டிவிட்டு விறகை எடுத்தார்.

மறுநாள் மத்தியானம், மேற்கே வயலுக்குப் போன இடத்தில் கொல்லப்பட்ட எங்கள் முஸ்லிம் ஆட்களை உழவு இயந்திரப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தார்கள். மேலே சாக்குப் போட்டு மூடியிருந்தார்கள். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன, வயல் சேறு காயாத கால்கள். பெட்டி எங்கள் வாசலைத் தாண்டும்போது அதன் இடுக்கால் சொட்டிய இரத்தம் தெரு நெடுகக் கோடு போட்டது. ஊர் முழுக்கக் கடை பூட்டு. ஒரு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. எங்கள் புகைபோக்கி மட்டும் புகைந்துகொண்டிருந்தது. புகை எழுகிறதென்றால் போறணை எரிகிறது, போறணை எரிகிறதென்றால் பாஸ் உள்ளே இருக்கிறார். இது கல்முனையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

பாஸைத் தேடி அவர்கள் வந்தது வெளியூரிலிருந்து அல்ல. தினமும் எங்களிடம் பணிஸ் வாங்கித் தின்றவர்கள். முகத்தில் துணி கட்டியிருந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். நான் முன் கதவைச் சாத்தித் தோளால் முட்டுக் கொடுத்தேன். கதவு பிளந்தது. இரும்புக் குழாயால் வாயில் அடித்தார்கள். பல்லோடு சேர்ந்து மண்ணில் விழுந்தேன். விழுந்தபடிதான் பார்த்தேன். பலகைச் சுவரின் கதவு திறந்தது. வெள்ளைச் சீலையோடு மாமி வெளியே வந்தார். மூலையில் நின்ற துடுப்பை இரண்டு கையாலும் குறுக்கே பிடித்துக்கொண்டு, போறணைக்குப் போகும் வழியை மறித்து நின்றார். இத்தாவில் இருக்கிற பெண், அத்தனை ஆண்களுக்கு முன்னால். கும்பல் ஒரு கணம் தயங்கியது. சிலர் பார்வையைத் தாழ்த்தக்கூடச் செய்தார்கள். கொலை செய்ய வந்த இடத்தில் அந்த மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை.

ஒருவன் மட்டும் முன்னுக்கு வந்தான். "மாமி, விலகுங்க" என்றான். அந்தக் குரலை எனக்குத் தெரியும், மாமிக்கும் தெரியும். அவர் அசையவில்லை. அவன் கத்தியை ஓங்கி வெட்டினான். கத்தி துடுப்பில் இறங்கிச் சிக்கிக்கொண்டது. பிடுங்கி இழுத்தபோது மாமியின் இடது கையில் இரண்டு விரல்களைச் சேர்த்தே கொண்டுபோனது. மாமி வழியை விடவில்லை. துடுப்பையும் விடவில்லை. வெள்ளைச் சீலை இடுப்பிலிருந்து சிவந்துகொண்டே போனது.

விறகு அடுக்குக்குப் பின்னாலிருந்து பாஸ் எழுந்து வந்தார். "தங்கச்சிய விடுங்கோ. நான்தானே வேணும்" என்றார். மாமி திரும்பி, "உள்ள போங்க அண்ணன்" என்று கத்தினார். பாஸ் மாமியைத் தொட்டுவிடாமல் ஒதுங்கி, பக்கவாட்டில் நடந்து, என்னைத் தாண்டி வாசலுக்குப் போனார். தெருவில், உழவு இயந்திரம் கோடு போட்டுவிட்டுப் போன அதே இடத்தில் அவரை வெட்டினார்கள். வெட்டி முடித்த பிறகும் வெட்டினார்கள். பேக்கரிக்குள் அச்சில் இருந்த பாண் யாரும் எடுக்காமல் கருகிக்கொண்டிருந்தது.

கையைச் சீலையால் சுற்றிக்கொண்டு மாமி முதலில் செய்த வேலை ஆஸ்பத்திரிக்குப் போனதல்ல. தண்ணீர் பீப்பாயிலிருந்து வாளியால் அள்ளி அள்ளிப் போறணைக்குள் ஊற்றினார். தடுக்கப் போன என்னைத் தள்ளிவிட்டார். சூட்டுக் கல் படார் படாரென்று வெடித்தது. தெருவில் நின்றவர்கள் துவக்குச் சூடென்று நினைத்து ஓடினார்கள். வளைவு இடிந்து உள்ளே விழும் வரை ஊற்றினார். பிறகு அந்தச் சாம்பல் சேற்றில் உட்கார்ந்து, "அண்ணன் கேட்டாரே, ரெண்டு மூண்டு நாள்தானே கேட்டாரே" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். மாமா மவுத்தானபோது கூட அவர் அப்படி அழுததை நான் பார்க்கவில்லை.

அடுத்த கிழமை ஊர்ப் பெரியவர்கள் சிலர் வந்தார்கள். பாஸைப் பற்றி விசாரிக்க வந்தார்கள் என்று மடையன் நான் நினைத்தேன். மாமி இத்தாவை முறித்து ஆண்களுக்கு முன்னால் வந்ததைப் பற்றிக் கதைக்க வந்திருந்தார்கள். மாமி அதற்குள் மறுபடி பலகைக்குப் பின்னால் போயிருந்தார். அங்கிருந்து சொன்னார்: "நான் வெளிய வந்ததுக்கு அல்லாஹ்வுக்கிட்ட நான் பதில் சொல்றன். அந்த மனிசன்ட ரத்தத்துக்கு உங்கள்ல ஆர் பதில் சொல்ற?" தேத்தண்ணீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்கள்.

இத்தா முடிந்ததும் மாமி போறணையைத் திரும்பக் கட்டினார். அதன் பிறகு ஊரில் சின்னச் சலசலப்பு என்றாலும் முதலில் நெருப்பை அணைப்பார், ஆட்களை வீட்டுக்கு அனுப்புவார், பிறகுதான் மற்ற வேலை. கல் வெடித்தது, மா புளித்தது, வாடிக்கை போனது. அவர் கவலைப்படவில்லை. அந்தத் துடுப்பை விறகாக்கவும் இல்லை. இடது கையில் மிஞ்சிய மூன்று விரல்களால் அதையே பிடித்துக்கொண்டு வேலை செய்தார். வேலை முடிந்ததும் வெட்டு விழுந்த பக்கத்தைச் சுவரோடு திருப்பிச் சாத்தி வைப்பார்.

துணி கட்டி வந்து மாமியை வெட்டியவனும் பாண் வாங்க வந்தான். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மாமி கொடுக்கச் சொன்னார். "பேரச் சொன்னா நாளைக்கு அவன்ட வாசல்ல ஒரு மையித்து விழும். மறுகா அவன்ட மகன் இன்னொருத்தன வெட்டுவான். பாணக் குடு" என்றார். கொடுத்தேன். மாமி மவுத்தாகும் வரை அந்தப் பெயர் எங்கள் வீட்டில் உச்சரிக்கப்படவில்லை.

இப்போது கடை என் பொறுப்பு. சில வருடங்களுக்கு முன் நாட்டில் எரிவாயு இல்லாமல், மாவும் அரிதாகிப் போனபோது என் புதுப் போறணை சும்மா கிடந்தது. பின்பக்கத்து விறகுப் போறணையைத் துப்புரவாக்கி மூட்டினேன். ஊரே அங்கே திரண்டது. வரிசையில் அடிதடி, ஒருவன் மற்றவன் மண்டையை உடைத்தான், என் கண்ணாடி அலுமாரி நொறுங்கியது. பாணை எடுத்து அடுக்க நேரமில்லாமல் துடுப்பில் வைத்தபடியே வாசலுக்கு நீட்டினேன். அப்படி நீட்டிய ஒரு பாணுக்கு முன்னால், நாங்கள் பெயர் சொல்லாத அந்த மனிதர் நின்றார். தாடி நரைத்து, பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு. பாணை எடுக்காமல் காம்பையே பார்த்தார். நான் துடுப்பை ஆட்டாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். "எடுங்க காக்கா, சுணக்காதீங்க" என்று பின்னால் நின்றவன் அண்ணன் முறை வைத்துக் கத்தினான். பேரப்பிள்ளைதான் எட்டி எடுத்தது.

மாமியின் மனம் எனக்கு வாய்க்கவில்லை. பாண் கொடுத்தேன், அதற்கு மேல் என்னால் முடியாது. அன்று வேலை முடிந்து துடுப்பைச் சாத்தும்போது பழக்கத்தில் கை அதைச் சுவரோடு திருப்பியது. நிறுத்தினேன். வெட்டு வாசல் பக்கம் பார்க்கும்படி மாற்றிச் சாத்தினேன். இன்றைக்கும் அது அப்படித்தான் நிற்கிறது.