கரீம் பாய் வண்டிக்கு டர்போ வைத்த கதை

1. பாவுக்கு ஒரு சாண் முன்னால்

பிள்ளையார்பாளையத்தில் காலை நேரத்தில் வண்டி ஓட்டுகிறவன், தெரு தனக்கு மட்டும் சொந்தமில்லை என்பதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். வெயில் ஏறுவதற்குள் தறிக்குப் போகிற பட்டு நூலை, பாவு என்போம், தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருப்பார்கள். சைக்கிள்காரனே இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவான். இந்த ஊரிலேயே பிறந்து, இந்த ஊரிலேயே மெக்கானிக்காக இருந்து தலை நரைத்த எனக்கு இது தெரியாதா? எனக்குத் தெரியும். நான் ஓட்டிய வண்டிக்குத்தான் தெரியவில்லை.

அது கரீம் பாயின் அமெரிக்க வண்டி. டர்போ வைத்து முடித்து முதல் தடவையாக ஊருக்குள் எடுத்திருந்தேன். பாய் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தெருமுனைக்கு முன்னால் ஆக்சிலரேட்டரை மிதித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் கொஞ்சம் மிதித்தேன். கிழட்டு எருமை மாதிரி நகர்ந்தது. முனை திரும்பியதும் எதிரே பாவு. சட்டென்று காலை எடுத்துவிட்டேன். அப்போதுதான் வண்டிக்கு வேகம் வந்தது. காலை எடுத்த பிறகு! பிரேக்கின் மேல் ஏறி நின்றேன் என்றுதான் சொல்ல வேண்டும். பாவுக்கு ஒரு சாண் முன்னால் வண்டி நின்றது.

கஞ்சி பிரஷ்ஷோடு நின்றிருந்த ஒரு அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"யோவ், கண்ணு இன்னா பொடனியிலயா இருக்குது? முகூர்த்தப் பொடவைப் பாவுய்யா இது. அறுந்திருந்தா யாரு பதில் சொல்றது? நீயா, உன் வண்டியா?"

"நான் காலை எடுத்துட்டேம்மா. அதுவா வந்துச்சு."

"அதுவா வர்றதுக்கு அது இன்னா மாடா?"

ரிவர்ஸ் போட்டு வண்டியைப் பின்னால் எடுத்தேன். பாய் டேஷ்போர்டைப் பிடித்திருந்த கையை மெதுவாக விடுவித்தார். முகம் வெளுத்திருந்தது.

"பவர் வந்திருக்குதுபா. நல்லா இருக்குது," என்றார்.

சந்தோஷத்தில் வெளுத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு மனுஷன் முகத்தைவிட இன்ஜின் சத்தம் பரிச்சயம்.

2. எதற்கு இந்த வேலை

தொண்ணூறுகளின் கடைசி அது. ஐயம்பேட்டைப் பக்கம் ரோட்டோரத்தில் என் ஷெட். லாரி, டெம்போ, அம்பாசிடர் என்று வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கரீம் பாய் ஊருக்குள் சரிகையும் பட்டு நூலும் விற்கிற கடை வைத்திருந்தார். தறிக்காரர்கள் மத்தியில் நல்ல பெயர்.

அவருடைய வண்டி இரண்டே கதவு, இடதுபக்க ஸ்டியரிங், எட்டு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். பானட் மட்டும் ஒரு கட்டில் நீளம். மெட்ராஸில் இருந்த யாரோ வெளிநாட்டு அதிகாரி ஊருக்குப் போகும்போது விட்டுப்போனதை பாயின் அப்பா வாங்கி வந்தாராம். அப்பேர்ப்பட்ட வண்டியை பாய் சைக்கிள் வேகத்தில் ஓட்டுவார். பின்னால் வருகிற மாட்டு வண்டிக்காரன் ஓரம் போகச் சொல்லிச் சத்தம் போடுவதை நானே பார்த்திருக்கிறேன்.

அந்த மனுஷன் ஒருநாள் ஒரு வெளிநாட்டு கார் பத்திரிகையோடு ஷெட்டுக்கு வந்தார். அதே மாதிரி வண்டி, பானட் திறந்து கிடக்க, இன்ஜின் பக்கத்தில் நத்தை மாதிரி ஒரு சாமான்.

"மூர்த்தி, இத நம்ம வண்டிக்குப் பண்ண முடியுமா?"

"டர்போ பாய் அது. உங்க வண்டில இப்ப இருக்கிற பவரையே நீங்க இன்னும் தொட்டதில்லியே. இதுக்கு மேல எதுக்கு?"

"எனக்கு இல்லபா. ரியாஸ் வர்றான்."

ரியாஸ் அவருக்கு ஒரே பிள்ளை. துபாயில் கார் ஒர்க்‌ஷாப் ஒன்றில் வேலை. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் இருந்ததைவிட இந்த வண்டிக்கு அடியில் படுத்திருந்த நேரம்தான் அதிகம். பத்திரிகையும் அவன் விட்டுப்போனதுதான்.

"போன வாட்டி வந்தப்ப கடையைப் பாத்துக்கடான்னு சொன்னேன். அத்தா, இந்த ஊர்ல எனக்கு இன்னா இருக்குதுன்னு கேட்டான். என்கிட்ட பதில் இல்ல. இந்த வாட்டி பதிலைக் காட்டணும் மூர்த்தி. இந்த மாதிரி வேலை நம்ம ஊர்லயே நடக்குதுன்னு பாத்தா நின்னுருவான்."

அதுவரை டர்போ வைத்த பெட்ரோல் வண்டியை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. இருந்தாலும் அவர் கேட்ட விதத்தில் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. ஆழம் தெரியாமல் காலை விட்டேன்.

3. தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை

இப்போது தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு டர்போ ஒரு விஷயமே இல்லை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இன்ஜினிலிருந்து வெளியே போகிற புகை ஒரு விசிறியைச் சுற்றும். அதே ஷாஃப்டின் மறுமுனையில் இன்னொரு விசிறி. அது காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும். காற்று அதிகம் போனால் பெட்ரோலும் அதிகம் எரியலாம், பவர் ஏறும். கேட்க சுலபம்தான்.

மெட்ராஸ் புதுப்பேட்டையில் ஒரு லாரி டர்போவைப் பிடித்தேன். என் ஷெட் வெல்டர் தேவராஜ் பைப் வளைத்துக் கொடுத்தான். கார்புரேட்டரைப் பழைய இடத்திலிருந்து கழற்றி டர்போவுக்கு முன்னால் வைத்தோம். டர்போ, பெட்ரோலும் காற்றும் கலந்ததையே இழுத்து, நீள பைப் வழியாக இன்ஜினுக்குள் தள்ளும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

ஸ்டார்ட் செய்தோம். ஷெட்டே தெரியாத அளவுக்கு நீலப் புகை. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். ரிங் தேய்ந்திருக்கும் என்று இன்ஜினைப் பிரித்தோம். ரிங் நன்றாக இருந்தது. வால்வைப் பார்த்தோம், அதுவும் நன்றாக இருந்தது. மறுபடி பூட்டி ஓட்டினால் மறுபடி புகை. இதில் விசித்திரம் என்னவென்றால், ஆக்சிலரேட்டரை மிதித்தால் புகை நின்றுவிடும். காலை எடுத்தால் கிளம்பும். உலகத்தில் எல்லா வண்டியும் மிதித்தால்தான் புகை விடும். இது நேர்மாறு.

"இது மெக்கானிக் வேலை இல்லண்ணா, திருஷ்டி," என்று தேவராஜ் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கட்டினான். புகையில் பழம் கறுத்ததுதான் மிச்சம்.

பாய் தினமும் சாயங்காலம் வந்து நிற்பார். "ரியாஸ் டிக்கெட் போட்டுட்டான்பா," என்பார். நான் மறுபடி பானட்டுக்குள் தலையை விடுவேன்.

கடைசியில் பைப்பைக் கழற்றிக் கையை விட்டுப் பார்த்தபோதுதான் உள்ளே ஆயில் ஈரம் தட்டுப்பட்டது. நான் வாங்கியது டீசல் லாரிக்குச் செய்த டர்போ; அந்த இன்ஜின் எப்போதும் தடையில்லாமல் காற்றை இழுக்கும். கார்புரேட்டரோ, காலை எடுத்ததும் வாயை மூடிக்கொள்ளும். காற்று கிடைக்காத இன்ஜின் டர்போவுக்குள் இருக்கிற ஆயிலை உறிஞ்சியிருக்கிறது. டர்போவுக்கு வருகிற ஆயிலைக் குறைத்து, திரும்பிப் போகிற பைப்பைப் பெரிதாக்கினோம். புகை குறைந்தது. முழுசாக நின்றது என்று பொய் சொல்ல மாட்டேன்.

அதன் பிறகுதான் அந்தப் பாவுச் சம்பவம். அதற்கும் காரணம் அப்புறம்தான் விளங்கியது. புகை சேர்ந்து விசிறியைச் சுற்ற நேரம் ஆகும், அதனால் பவர் தாமதமாக வரும். காலை எடுத்தாலும் நீள பைப்புக்குள் அடைந்திருப்பது தீரும் வரை இன்ஜின் இழுத்துக்கொண்டே இருக்கும். பைப்பை முடிந்தவரை குட்டையாக்கினோம். ஓரளவு அடங்கியது. வண்டியின் பழைய பிரேக்கைப் பற்றி நானும் யோசிக்கவில்லை, வேறு யாரும் யோசிக்கவில்லை.

4. ரியாஸ் வந்தான்

ரியாஸ் வந்த அன்றே பாய் அவனை ஷெட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார். பானட்டைத் திறந்ததும் அவன் குனிந்து பைப்பை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். பிறகு என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து தாமல் ஏரிப் பக்கம் எடுத்தான். அப்பப்பா, அவன் ஓட்டின ஓட்டு! பவர் எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரிந்த மாதிரி மிதித்தான், எப்போது போகும் என்று தெரிந்த மாதிரி காலை எடுத்தான். நான் கட்டிய வண்டி இப்படியும் ஓடுமா என்று எனக்கே ஆச்சரியம்.

திரும்பி வந்து பாயைக் கட்டிக்கொண்டான். "சூப்பர் அத்தா. எங்க ஒர்க்‌ஷாப்ல சொன்னா நம்பமாட்டாங்க."

பாய் என்னைப் பார்த்துச் சிரித்தார். பெருநாள் பிறையைப் பார்த்தவர் முகம் அப்படித்தான் இருக்கும். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அன்று வீட்டுக்கு பாய்தான் வண்டியை ஓட்டினார், ரியாஸ் பக்கத்தில் உட்கார்ந்து போனான்.

மறுநாள் காலையில் ரியாஸ் தனியாக வந்தான்.

"அண்ணா, இத பழையபடி ஆக்கிடுங்க. ஆனா வெளியிலேர்ந்து பாத்தா தெரியக்கூடாது."

"இன்னாபா சொல்ற? நேத்து அப்படி ஓட்டினியே?"

"நான் ஓட்டுவேண்ணா. நான் போயிட்டா இத ஓட்டப்போறது அத்தாதான? நேத்து பக்கத்துல உக்காந்து பாத்தேன். காலை எடுத்தப்புறமும் வண்டி இழுக்குது. அவரு ஸ்டியரிங்கைப் புடிச்சுக்கினு பயத்துல ஓதிக்கினே வர்றாரு. பிரேக்கும் அந்தக் காலத்து பிரேக்."

எனக்கு அவன் சொன்னதில் ஒரு வார்த்தைதான் காதில் நின்றது. "நான் போயிட்டா."

"நீ நின்னுருவேன்னு நெனச்சுக்கினு இருக்காருபா உங்க அத்தா."

அவன் பானட்டைத் தடவிக்கொண்டே நின்றான். "தெரியும்ணா. இதப் பாத்ததுமே எதுக்குப் பண்ணாருன்னு தெரிஞ்சுடுச்சு. எப்படி சொல்றதுன்னுதான் தெரியல."

டர்போவின் பக்கவாட்டில் சின்னக் கதவு ஒன்று உண்டு. வேஸ்ட்கேட் என்போம். அது திறந்தால் புகை விசிறியைச் சுற்றாமல் நேராக வெளியே போய்விடும். அந்தக் கதவைத் திறந்து, மூடாதபடி ஒரு கம்பியால் கட்டிவிட்டேன். அவ்வளவுதான் வேலை. நாங்கள் மாதக்கணக்கில் பட்ட பாட்டை ஒரு துண்டுக் கம்பி தீர்த்துவிட்டது. யாருக்கு விசுவாசமாக இருக்கிறேன் என்று புரியாமலே அந்தக் கம்பியை முறுக்கினேன். லீவு முடியும் வரை ரியாஸே வண்டியை ஓட்டினான். அதனால் பாய்க்குத் தெரியவில்லை.

5. கம்பி

ரியாஸ் துபாய் போய்ச் சேர்ந்த பிறகு ஒருநாள் பாய் வண்டியோடு வந்தார்.

"மூர்த்தி, வண்டி சாதுவாயிடுச்சே. இன்னா ஆச்சு?"

"பெட்ரோல் சரியில்ல போல பாய்," என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ்! இனிமே அதே பங்க்லயே போடறேன்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "உன்கிட்ட சொல்றதுக்கு இன்னா. முன்ன உசுரைக் கையில புடிச்சுக்கினுதான் ஓட்டினேன். ரியாஸ்கிட்ட சொல்லிடாத. மனசு கஷ்டப்படுவான்."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. அப்பன் பிள்ளையிடம் மறைக்கிறான், பிள்ளை அப்பனிடம் மறைக்கிறான், நடுவில் நான் இரண்டு பேர் ரகசியத்தையும் சுமக்கிறேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. பானட்டைத் திறந்து கம்பியைக் காட்டினேன்.

"பெட்ரோல் இல்ல பாய். இத ரியாஸ்தான் கட்டச் சொன்னான். உங்களுக்காக."

குனிந்து பார்த்தார். கம்பியை விரலால் தொட்டார்.

"எப்பபா சொன்னான்?"

"வந்த மறுநாளே."

நிமிர்ந்தார். "மறுநாளேவா? அப்ப போறதுன்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டான். நான் அவன ஏர்போர்ட்ல விடற வரைக்கும் கடைச் சாவியை சட்டைப் பையிலயே வெச்சுக்கினு சுத்திக்கினு இருந்தேன் மூர்த்தி. எந்த நிமிஷம் கேப்பானோன்னு."

பிளேயரை எடுத்தேன். "அவுத்துடட்டுமா பாய்?"

"வேணாம்," என்று என் கையைப் பிடித்தார். "நான் பத்திரமா இருக்கணும்னு கட்டியிருக்கான். இருக்கட்டும்."

பானட்டை அவரே மூடினார். பழைய சைக்கிள் வேகத்தில் ஊர்ப் பக்கம் போனார்.

அன்றைக்கு நான் காட்டியது சரியா, பெட்ரோல் என்றே விட்டிருக்க வேண்டுமா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. தொழிலில் மட்டும் ஒரு பழக்கத்தை மாற்றிக்கொண்டேன். பவர் ஏற்றணும் என்று யார் வந்தாலும், என்ன இன்ஜின், என்ன பட்ஜெட் என்று ஆரம்பிப்பதில்லை. "யாரு ஓட்டப்போறாங்க?" என்றுதான் முதலில் கேட்பேன். "இது இன்னா கேள்வி?" என்று சிரிப்பார்கள். பதில் சொல்லட்டும் என்று காத்திருப்பேன்.