ஜீப்பில் ஆள் சரியாக இருந்தது

ஏலக்காய்க் கமிஷன் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவன் நான். சிலமலை விலக்குச் சாலையில் பைக்கிலிருந்து விழுந்து, தொடையில் கம்பி வைத்து, நான்கு மாதமாகக் கட்டிலோடு கிடந்தேன். அதுவரை வேலைக்குப் போகாத என் மனைவி, மலைமேல் போடிமெட்டுக்கு அப்பால் ஓர் ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போக ஆரம்பித்திருந்தாள்.

விடியுமுன் ஜீப் வந்துவிடும். ஜீப்புக்குப் பதினாலு பேர், வீட்டுக்கு ஓர் இடம். உடம்புக்கு முடியவில்லை என்றால் அதே வீட்டிலிருந்து வேறொருவர் போக வேண்டும். ஒரு நாள் காலியாக விட்டால் மறுநாள் அந்த இடத்தில் வேறு வீட்டு ஆள் உட்கார்ந்திருப்பார். எங்கும் எழுதி வைத்த சட்டமில்லை. ஆனாலும் எல்லோரும் அதற்குப் பயப்பட்டோம்.

அந்த வாரம் அவளுக்குக் கடுமையான காய்ச்சல். "பெரியவன் ஒரு நாள் போகட்டுமா?" என்று கேட்டாள். அவன் பன்னிரண்டாம் வகுப்பு, சின்னவன் ஒன்பதாம் வகுப்பு. பெரியவனுக்கு மீசை வந்துவிட்டது, ஆள் மாதிரி இருப்பான். நான் "போகட்டும்" என்றேன். மறுநாள் அவனுக்குச் செய்முறைத் தேர்வு என்பது எனக்குத் தெரியாது. நான் கேட்கவுமில்லை. "சரிப்பா" என்று மட்டும் சொன்னான்.

இருட்டோடு ஜீப் வந்தது. என் பழைய முழுக்கைச் சட்டையும் தலையில் துண்டுமாக ஓர் உருவம் என் கட்டிலைத் தாண்டிப் போனது. எட்டரை மணிக்குப் பின்பக்கமிருந்து "ஸ்கூலுக்குப் போறேன்பா" என்று குரல் வந்தது. அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒரே குரல். நான் சந்தேகப்படவில்லை.

பத்து மணிக்கு ஒன்பதாம் வகுப்பு ஆசிரியை கூப்பிட்டார். "உங்க பையன் இன்னைக்கு வரலையே, உடம்பு சரியில்லையா?"

மலைக்குப் போனது சின்னவன் என்று அப்போதுதான் புரிந்தது. உடனே ஜீப் டிரைவரைக் கூப்பிட்டேன். நாலாவது தடவைதான் லைன் கிடைத்தது.

"சின்னப் பயதாண்ணே வந்தான். ஏண்டா நீ வந்தேன்னு கேட்டேன். அண்ணனுக்குப் பரீச்சை, இன்னைக்கு நான்தான் ஆளுன்னு பெரிய மனுசனாட்டம் பேசுறான்."

"அவன்கிட்ட குடு."

"செத்த இருங்கண்ணே." அவர் சத்தம் போட்டுக் கூப்பிடுவது கேட்டது. நெடுநேரம் கழித்து வந்த குரல் வேறு மாதிரி இருந்தது.

"அண்ணே... செக்போஸ்ட்டுல சின்னப் பிள்ளைகளப் பாத்தா கேள்வி கேப்பாங்கன்னு கீழ வளைவுலயே இறக்கிவிட்டேன். ஒத்தையடிப் பாதையில ஏறி அங்கிட்டு வந்து நில்லுன்னேன். எப்பவும் செய்றதுதாண்ணே. அங்கிட்டுப் போயித் தலைய எண்ணினேன். பதினாலு சரியா இருந்துச்சு."

"சரியா இருந்தா எம்பிள்ளை எங்கடா?"

"செக்போஸ்ட்டுல நின்னப்ப ஒரு பொம்பளை பின்னாடி ஏறியிருக்குண்ணே, அதையும் சேத்து எண்ணிப்புட்டேன். மழைக்கு எல்லாரும் சாக்கைப் போத்தி உக்காந்திருந்தாங்க. நான் மொகத்தப் பாக்கல. இந்தா, இப்பவே வண்டிய எடுத்துக்கிட்டுப் போறேன்."

நாலு மணி நேரம் ஆகியிருந்தது. அந்தச் சரிவில் மூடுபனி இறங்கினால் தன் கையே தெரியாது. காட்டுமாடு உண்டு. போன வாரம்தான் தேவாரம் பக்கம் யானை வந்து தென்னையைச் சாய்த்துப் போட்டிருந்தது. எழுந்து நிற்கப் பார்த்தேன். கட்டில் விளிம்பைப் பிடித்தபடி சரிந்து உட்கார்ந்தேன். போலீசுக்குச் சொல்லலாம் என்று போனை எடுத்தேன். பதினாலு வயதுப் பிள்ளையை ஏன் வேலைக்கு அனுப்பினாய் என்று கேட்பார்களே என்று கீழே வைத்தேன். அப்படி வைத்த கை இது. இன்னும் எனக்கு இதைப் பார்க்கக் கூசுகிறது.

உள் அறையில் மனைவி மாத்திரை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பவில்லை.

பன்னிரண்டு மணிக்குத் தேர்வை முடித்துவிட்டுப் பெரியவன் சிரித்துக்கொண்டே வந்தான். "திட்டாதீங்கப்பா, அவன்தான் போறேன்னு ஒத்தக்கால்ல நின்னான்." நான் விஷயத்தைச் சொன்னேன். பையைத் தோளிலிருந்து கழற்றக்கூட இல்லை, திரும்பினான். நான் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். இவனையும் அந்த மலை வாங்கிக்கொள்ளும் என்று தோன்றியது. ஒருவனாவது இருக்கட்டும் என்று என் விரல்கள் நினைத்தன.

"விடுங்கப்பா. வெரசாப் போனாத்தான் பஸ்சு கிடைக்கும். நீங்க மொதல்ல போலீசுக்குப் போனப் போடுங்க."

விட்டேன். போலீசுக்கும் சொன்னேன்.

இரண்டு மணிக்கு உள்ளிருந்து குரல் வந்தது. "பெரியவன் சாப்பாடு கொண்டு போனானா?"

"போனான்" என்றேன்.

நாலு மணி தாண்டிப் போன் அடித்தது. எடுக்கப் பயந்து இரண்டு மூன்று முறை அடிக்க விட்டேன்.

"இருக்கான்பா" என்றான் பெரியவன்.

பாதி வழியில் காட்டுமாடு ஒன்று பாதையில் நின்றிருக்கிறது. சின்னவன் பாதையை விட்டு விலகி ஓடி, பனியில் திசை தவறி, ஒரு பாறை இடுக்கில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்துவிட்டான். டிரைவர் கூப்பிட்டது கேட்டதாம். போலீஸ் என்று நினைத்து, அப்பாவைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று வாயைப் பொத்திக்கொண்டானாம். அண்ணன் குரலுக்குத்தான் எழுந்து வந்திருக்கிறான்.

வீட்டுக்கு வந்தபோது இரண்டு காலிலும் அட்டை கடித்த இடங்களில் ரத்தம் நிற்கவில்லை.

"அட்டைக்கெல்லாம் இன்னைக்குக் கறிச்சோறு" என்றான் பெரியவன்.

"போடா. பரீச்சை என்னாச்சு?"

"நல்லாச் செஞ்சேன்டா."

"நீ செய்யாம இருந்திருந்தேன்னு வையி, அங்கனயே உன்னத் தள்ளிவிட்டிருப்பேன்."

என் மனைவி சுவரைப் பிடித்து நின்று எல்லாவற்றையும் கேட்டாள். "என்னை ஏன் எழுப்பல?" என்றாள் என்னிடம்.

"பயமா இருந்துச்சு" என்றேன்.

அந்த நேரம் பார்த்து டிரைவர் கூப்பிட்டார். மன்னிப்புக் கேட்டு அழுதார். பிறகு தயங்கித் தயங்கி, நாளைக்கு யார் வருவது என்று கேட்டார். அவள் போனை வாங்கினாள்.

"யாரும் வரலை. எங்க எடத்த யாருக்கு வேணுமோ குடு."

சின்னவன் பதறிப்போனான். "அம்மா, எடம் போயிருச்சுன்னா?"

"போகட்டும்" என்று சொல்லிவிட்டு, அவன் காலைத் தன் மடியில் இழுத்து வைத்து ரத்தத்தைத் துடைக்க ஆரம்பித்தாள். அவள் கை கொதித்துக்கொண்டிருந்தது என்று அவன் பிறகு சொன்னான். மறுநாள் விடியுமுன் ஜீப் எங்கள் தெருவில் நிற்காமல் போகும் சத்தம் கேட்டது. நான்கு பேருமே விழித்துத்தான் படுத்திருந்தோம்.