இரண்டு பிராஞ்சும் ஒரு சர்க்கரை டப்பாவும்

ரஃபீக் தம்பி டிபன் பாக்ஸைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தபோது, டீத் தட்டோடு நான் பக்கத்தில் நின்றேன். மணி இரண்டுகூட ஆகவில்லை.

கே.கே. நகரில் ஒரு சின்ன கம்பெனியில் பதினோரு வருசமாக டீ போட்டு, கூட்டித் துடைக்கிறேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதிகம் பேசமாட்டேன், காதில் விழுவதைக் கேட்டுக்கொள்வேன். மாலை வேலைக்கு வரும் செல்வியோடு மட்டும் எனக்கு ஒரு சண்டை உண்டு. மேல் தட்டில் நான் வைக்கும் சர்க்கரை டப்பாவை எனக்கு எட்டாமல் ஃபிரிட்ஜ் தலையில் ஏற்றிவிடுவாள். மறுநாள் ஸ்டூல் போட்டு இறக்குவேன்.

பால் சோதிக்கும் மெஷினுக்குக் கெர்னல் வேலை செய்கிற கம்பெனி அது. மெஷினில் மற்ற புரோகிராமெல்லாம் கெர்னலைக் கேட்டுத்தான் நடக்கும். ஒரே புரோகிராமை ஆளுக்கொரு பிரதி எடுத்து மாற்றுவார்கள், அது பிராஞ்ச். பிறகு ஒன்றாகச் சேர்ப்பது மெர்ஜ். இருவரும் ஒரே இடத்தை மாற்றியிருந்தால் கம்ப்யூட்டர் இரண்டையும் காட்டிவிட்டு நின்றுவிடும். அதுதான் கான்ஃப்ளிக்ட்.

அன்று சேர்த்தவர் சரவணன் தம்பி. கான்ஃப்ளிக்ட் வந்த இடத்திலெல்லாம் தன்னுடையதை வைத்து, ரஃபீக்குடையதை எடுத்துவிட்டார்.

"ஆறு வாரம்ணே! ஒரு அமுக்குல அழிச்சுட்டீங்களே. நான் ராஜினாமா பேப்பர் போட்டுட்டுப் போறேன்."

"மாப்ள, என்னுது வேகமா ஓடுதுடா. அதான்..."

டீம் லீடர் பாத்திமா மேடம் சத்தம் போடவில்லை. அந்த மெர்ஜை ஏற்றியிருந்த பால் மெஷினின் பிளக்கைப் பிடுங்கி, மறுபடி சொருகினார். மெஷின் மறுபடி எழவில்லை.

"உசிலம்பட்டி பால் சென்டர்ல ஒரு நாளைக்கு எத்தனை தடவை கரண்ட் போகும் சரவணா?"

மேடம் அந்த மெர்ஜை ரத்து செய்துவிட்டு, இருவரையும் உட்கார வைத்தார்.

"அவங்கவங்க வேலையைப் பத்திப் பேசக் கூடாது. அடுத்தவர் ஏன் மாத்துனார்னு சொல்லுங்க. தெரியலைன்னா கேளுங்க."

ரஃபீக் முதலில், சரவணன் மாற்றியது வேகத்துக்காக என்று சொன்னார். ரஃபீக் ஏன் மாற்றினார் என்று சரவணனுக்குத் தெரியவில்லை.

"ஏன்டா மாப்ள அதை வச்ச?" என்று கேட்டார்.

"கரண்ட் போய் வந்தா மெஷின் விட்ட எடத்துலருந்து எந்திரிக்கணும்ணே."

"அப்ப ரெண்டையும் அப்படியே வச்சிருவோமா மேடம்?"

"வச்சா ஒண்ணுக்கொண்ணு காத்துக்கிட்டே நின்னுரும்."

மேடம் இரண்டையும் வரி வரியாகப் படித்தார். கடைசியில் இரண்டிலும் இல்லாத நாலு வரியைப் புதிதாக எழுதினார். மறுபடி பிளக்கைப் பிடுங்கிச் சொருகினார். மெஷின் எழுந்தது, வேகமும் குறையவில்லை. மாற்றத்தின் குறிப்பில் இரண்டு பேருடைய பெயரையும் போட்டார், தன் பெயரைப் போடவில்லை. எத்தனையோ கெட்டிக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒருவரைப் பார்த்ததில்லை. ரஃபீக் தம்பி பையை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, "அம்மா, டீ ஆறிப்போச்சா?" என்றார்.

அன்று சாயங்காலம் செல்வி வரும்வரை இருந்தேன். வாயைத் திறக்கவே கூச்சமாக இருந்தது.

"டப்பாவை ஏம்மா அம்புட்டு உசரத்துல வைக்கிற?"

"மேல் தட்டுல எறும்பு பெரியம்மா. சாயங்காலந்தான் வரும். நீங்க பாத்திருக்க மாட்டீங்க."

இரண்டு வருசமாக நான் கேட்டதே இல்லை. டப்பாவை இறக்கி, கீழ்த் தட்டில், தண்ணீர் ஊற்றிய கிண்ணியின் நடுவே வைத்தோம். ஸ்டூல் இப்போது வாட்ச்மேனிடம் இருக்கிறது.