ரெஜினா அக்காவும் பாதியில் பிரிந்த ரயிலும்

ரெஜினா அக்கா இறந்துவிட்டார்.

காலையில் போன் வந்தது. திரையில் அக்காவின் பெயர். "சொல்லுங்கக்கா" என்றுதான் எடுத்தேன்... பேசியது அவர் மகன். "அம்மா போயிட்டாங்க மாமா" என்றான். யாரோட அம்மா என்று கேட்டேன். அப்படித்தான் கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகூடப் பேசினோமே. மாடிப்படி ஏறிக்கொண்டே பேசினார். மூச்சு வாங்கவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டாராம்... எதுவும் மண்டையில் ஏறவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எண்பதுகளில் ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் ஆபீசில் நான் டைப்பிஸ்ட், அக்கா கேஷியர். எதிரெதிர் மேஜை. அவர் வீடு பக்கத்து ஊரான மஞ்சக்குட்டையில். கணவர் லூர்து அண்ணன் அதே எஸ்டேட்டில் ஜீப் டிரைவர்.

அக்காவின் தங்கை பிலோமினா ஜெர்மனியில் நர்ஸ். ஒரு வருஷம் அக்காவுக்கும் அண்ணனுக்கும் பிளேன் டிக்கெட் எடுத்து அனுப்பினார். கூடவே ஆளுக்கொரு ரயில் பாஸ். அதைக் காட்டி ஐரோப்பாவில் எந்த ரயிலிலும் ஏறலாம், எந்த ஊரிலும் இறங்கலாம்.

அதுவரை அக்கா ரயிலில் போன அதிகபட்ச தூரம், சேலத்திலிருந்து மெட்ராஸ்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஐரோப்பா மேப்பை ஆபீஸ் மேஜையில் விரிப்போம். சுருண்டுகொள்ளாமல் இருக்க நான்கு மூலையிலும் காபிக் கொட்டை சாம்பிள் டப்பா. பாரிஸ் நான் சொன்னது. வியன்னா மேனேஜர் சொன்னது. ரோம் அக்காவுக்கு; போப் இருக்கும் ஊர், கேட்கவே வேண்டாம். ஸ்விட்சர்லாந்து மலையைப் பார்க்கலாம் என்றதும் லூர்து அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். "மலையிலதானுங்க தம்பி தெனமும் ஜீப் ஓட்டறேன்."

அண்ணனுக்குப் போகவே விருப்பமில்லை. "ஏம்புள்ள, தங்கச்சி ஊட்டுலயே இருந்து பாத்துட்டு வந்தா ஆவாதா?"

"அவ டியூட்டிக்குப் போயிருவா. நாம சன்னல்ல ரோட்டப் பாத்துட்டு உக்காந்திருக்கறதுங்களா?"

அக்கா ஒரு ஏற்பாடு மட்டும் கறாராகச் செய்தார். கோடை விழாக் கூட்டத்தில் ஒருமுறை மகனைத் தொலைத்துவிட்டு அலைந்தவர் அவர். "பிரிஞ்சுட்டா தேடிட்டுத் திரியக் கூடாதுங்க. கடசியா எங்க தங்குனமோ அங்க வந்து உக்காந்துக்கோணும்." அண்ணன் தலையாட்டினார். நாங்கள் சிரித்தோம்.

போனார்கள். பாரிஸ், ஸ்விட்சர்லாந்து, ரோம், எல்லாம் மேப்பில் போட்டபடியே நடந்தது.

ரோமிலிருந்து வியன்னா போகிற ரயில். அண்ணன் பீடி பிடிக்க எழுந்து நாலு பெட்டி தள்ளிப் போயிருக்கிறார். இத்தாலியில் ஏதோ ஒரு ஜங்ஷனில் ரயில் நின்றது. அங்கே ரயிலை இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். பாதி வியன்னாவுக்கு, பாதி ஜெர்மனிப் பக்கம். எங்கள் யாருக்கும் அப்படி ஒன்று நடக்கும் என்றே தெரியாது.

அக்கா வியன்னா போகிற பெட்டியில். அண்ணன் மற்றதில். இரண்டு பாஸ்போர்ட்டும் இரண்டு பாஸும் அண்ணன் சட்டைப் பையில்.

ரயில் கிளம்பியும் ஆளைக் காணோம். அக்கா எழுந்து ஒவ்வொரு பெட்டியாகப் போயிருக்கிறார். கடைசிப் பெட்டியின் கதவுக் கண்ணாடி வழியே பார்த்தால் வெறும் தண்டவாளம்.

"வண்டி ரெண்டாப் போச்சுன்னு எனக்கெப்படித் தெரியும் கண்ணு. கீழ உழுந்து செத்துட்டாருன்னே முடிவு பண்ணிட்டேன்" என்று பிறகு என்னிடம் சொன்னார்.

ஆஸ்திரியா பார்டரில் பாஸ்போர்ட் கேட்டார்கள். இல்லை. இறக்கி ஸ்டேஷன் போலீஸ் ரூமில் உட்கார வைத்துவிட்டார்கள். அழுகைகூட வரவில்லையாம். சேலையைத் தலையோடு போர்த்திக்கொண்டு, தங்கையின் போன் நம்பரைத் திரும்பத் திரும்பச் சொன்னாராம். டிரங்க் கால் புக் பண்ணிப் பண்ணி மனப்பாடமான நம்பர். ஒரு போலீஸ்காரர் அதைப் போட்டுக் கொடுத்தார்.

விஷயத்தைக் கேட்டுத் தங்கை அந்தப் பக்கம் அழுகை. "அக்கா, நீ அங்கயே இரு, நான் கெளம்பி வரேன்."

"நீ வர வேண்டாம். என்னைய ரோமுக்கே திருப்பி ஏத்தியுடச் சொல்லு. உசுரோட இருந்தா அவரு அங்கதான் வருவாரு."

"வரலைன்னா?"

அக்கா போனைப் போலீஸ்காரரிடம் கொடுத்துவிட்டார். தங்கை ஜெர்மனில் அவரிடம் கெஞ்சியிருக்கிறார். திரும்பி வரும் ரயிலில் ஏற்றிவிட்டார்கள்.

ரோமில் அவர்கள் தங்கியிருந்தது கன்னியாஸ்திரீகள் நடத்தும் விடுதி. அக்கா தெரு முனை திரும்பும்போது அண்ணன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாராம். அடுத்த ஸ்டேஷனிலேயே இறங்கி, பாஸைக் காட்டித் திரும்பி வந்துவிட்டார்.

"சாப்டியா புள்ள?" என்று கேட்டாராம்.

"முதுகுல ஓங்கி ஒண்ணு வெச்சேன் கண்ணு. அப்பறந்தான் எனக்கு அழுவையே வந்துச்சு."

தங்கை போனில் உடனே ஜெர்மனிக்கு வந்துவிடச் சொன்னார். அக்கா கேட்கவில்லை. "வியன்னா இன்னும் பாக்கலியே" என்றார். அடுத்த நாள் அதே ரயில். அண்ணனை ஜன்னல் பக்கம் உட்கார வைத்து, இவர் வழியை மறித்து உட்கார்ந்துகொண்டார்... வியன்னா வரை பீடி கிடையாது.

இதை ஆபீசில் எங்களுக்கு நின்றுகொண்டே சொன்னார். மேனேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டார். அண்ணன் ஜீப்பைத் துடைப்பதுபோல வெளியிலேயே நின்றார்.

அண்ணன் போய்ப் பல வருஷம் ஆகிறது. அக்கா அதற்கப்புறமும் மலையை விட்டு இறங்கவில்லை. மாதம் ஒருமுறை போன். "என்ன சாமி, நொம்ப நாளாச்சு" என்றுதான் ஆரம்பிப்பார், நேற்றுப் பேசியிருந்தாலும்.

சேலம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து இதை டைப் செய்கிறேன். அவர் நம்பரை இரண்டு தடவை எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்... அந்த ஜங்ஷன் பேரை இனி யாரிடம் கேட்பது?

நாளை மஞ்சக்குட்டையில் அடக்கம்.

ஏற்காடு பஸ் வந்துவிட்டது.

வர்றேங்கக்கா...