பத்துக்கு மூன்று

முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு என் வலது தொடை வற்றிப்போய்விட்டது. சிட்லபாக்கத்தில் எங்கள் வீடு முதல் மாடி, லிப்ட் கிடையாது. இருபத்தோரு படியையும் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினேன். அந்தத் தோளை விட வேண்டும். குரோம்பேட்டைக்குப் பிசியோதெரபிக்குப் போனதே அதற்காகத்தான்.

பிசியோதெரபிஸ்ட் பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டை போன்ற ஒன்றைத் தொடையின் மேல்பக்கம் சுற்றிக் காற்றடிப்பாள். ரத்த ஓட்டத்தை அப்படி இறுக்கினால் லேசான எடையிலேயே தசை தேறுமாம். கணுக்காலில் ஒரு கிலோவைக் கட்டிக்கொண்டு முப்பது தடவை காலை நீட்டி மடக்க வேண்டும். பத்தைத் தாண்டும்போதே தொடைக்குள் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரியும்.

“எவ்ளோ கஷ்டமா இருக்கு சார்? பத்துக்கு ஒரு நம்பர் சொல்லுங்க.”

“மூணு.”

எதிர் நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு மனைவி உட்கார்ந்திருப்பாள். அவள் முன்னால் எட்டு என்று எப்படிச் சொல்வது? மகள் வயதுப் பெண்ணிடம் முனகவும் வெட்கம். வெறும் வீம்புதான், வேறென்ன. மூன்று என்றதும் அந்தப் பெண் இன்னும் கொஞ்சம் காற்றடிப்பாள். அவள் அந்தப் பக்கம் திரும்பினதும் நான் எண்ணிக்கையில் பதினைந்திலிருந்து இருபத்தைந்துக்குத் தாவிவிடுவேன்.

ஆறு வாரம் கழித்து டேப் வைத்து அளந்தாள். தொடை தேறவே இல்லை. என் வேர்வையைப் பார்த்தாள், டேப்பைப் பார்த்தாள். வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன்.

“நீங்க சொல்ற நம்பரை நம்பித்தானே சார் டைட் பண்றேன்? எட்டுன்னு சொல்லியிருந்தா குறைச்சிருப்பேன், முப்பதும் முழுசா பண்ணியிருப்பீங்க. ஆறு வாரம் வேஸ்ட் சார்.”

கூனிக் குறுகிப்போனேன். ஆட்டோவில் மனைவி வெளியே பார்த்தபடியே வந்தாள்.

வழக்கம்போல அவள் தோளைப் பிடித்து மாடி ஏறினேன். பாதியில் அவள் நின்றாள். எனக்காகத்தான் நிற்கிறாள் என்று நினைத்தேன். எப்போதும் அப்படித்தான் நினைத்திருக்கிறேன். அன்று குனிந்து பார்த்தேன். அவள் கை அவளுடைய முழங்காலை அழுத்திக்கொண்டிருந்தது.

தோளிலிருந்து கையை எடுத்தேன். “உனக்கு எவ்ளோ வலிக்குது?”

“எனக்கென்ன?”

“பத்துக்கு ஒரு நம்பர் சொல்லு.”

என் கையைப் பிடித்துத் திரும்பத் தன் தோளில் வைத்துக்கொண்டாள்.

“மூணுங்க. ஏறுங்க.”