தொடக்க ஜோடி

என் வெள்ளைக் காற்சட்டையின் இடுப்பில், பின்பக்கம், இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துணிப்பட்டை சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தது. காற்சட்டை பழுப்பேறிய வெள்ளை. பட்டை பளிச்சென்ற புது வெள்ளை. என் தங்கை தைத்தது. அவள் கணவரின், அதாவது என் மச்சானின், காற்சட்டைக்கும் அதே மாதிரி ஒரு பட்டை. அறுபதைத் தாண்டிய பிறகு நாங்கள் இருவரும் மறுபடி கிரிக்கெட் ஆடக் கிளம்பியபோது, பெட்டிக்குள் வருடக்கணக்காகக் கிடந்த உடுப்புகளில் எங்கள் வயிறு அடங்கவில்லை. தையல் மெஷினை மிதித்துக்கொண்டே தங்கை கேட்டாள்: "வெள்ளையும் சொள்ளையுமா எங்க போறீங்க ரெண்டு பேரும்? மெட்ச்சுக்கா, புதுநன்மைக்கா?" மச்சான் உடனே கைகளைக் கூப்பி, கண்ணை மூடி, முதன்முதலாக நற்கருணை வாங்கும் பிள்ளையைப்போல் நாக்கை நீட்டிக் காட்டினார். அறுபத்து மூன்று வயது ஆசிரியர் அவர். தங்கை சிரித்த சிரிப்பில் ஊசி தைத்த இடத்தை விட்டு ஓடிவிட்டது.

மச்சான் பூனாகலைப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். தோட்டத்தில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களுக்கு மேலே சிறிய வீடு ஒன்று கட்டிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார். நான் தேயிலைத் தொழிற்சாலைகளில் டீமேக்கராக இருந்தவன். கொழுந்து எப்போது வாடியது, எப்போது புளித்தது, எப்போது சூட்டிலிருந்து எடுக்க வேண்டும் என்பதை மூக்கால் சொல்வதுதான் என் பிழைப்பு. ஓய்வுக்குப் பிறகு பதுளை டவுனில் தனியாக இருக்கிறேன். தங்கையைக் கட்டுவதற்கு முன்பே அவர் எனக்கு ஆட்டத்துணை. பதுளையில் நாங்கள் ஆடிய கழகத்துக்குப் பல வருடம் தொடக்க ஜோடி நாங்கள்தான். என்னைவிட ஒரு வயது மூத்தவர் என்றாலும் எங்களுக்குள் வாடா, போடாதான்.

அந்த ஜோடிக்கு ஒரு வழக்கம் இருந்தது. மட்டையோடு இறங்குவதற்கு முன் ஒரே கோப்பைப் பிளேன்டீயை, பால் சேர்க்காத தேநீரை, ஆளுக்குப் பாதியாகக் குடிப்போம். முதல் பாதி எனக்கு. குடித்துவிட்டு, தொழிற்சாலையில் ருசி பார்ப்பதைப்போல நான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்: "நல்ல சாயம்", "கொழுந்து முத்தல்", "தண்ணி பழசு". அதைக் கேட்ட பிறகுதான் அவர் மீதியைக் குடிப்பார். ஒருநாள் இதைச் செய்யாமல் இறங்கி முதல் ஓவரிலேயே இருவரும் ஆட்டமிழந்தோம். அதற்குப் பிறகு விட்டதே இல்லை.

எங்களை மறுபடி மைதானத்துக்கு இழுத்தது கொரோனாதான். முதல் அலை அடங்கி ஊரடங்கு தளர்ந்திருந்த நேரம். கழகத்தின் பையன்களில் பாதிப் பேர் கொழும்பில் வேலை பார்த்தவர்கள்; சிலர் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். இப்போதைய கேப்டன், வங்கியில் எழுதுவினைஞனாக இருக்கும் பையன், என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டான்: "அங்கிள், ஒம்பது பேர்தான் இருக்கோம். நீங்களும் மாஸ்டரும் வந்தா டீம். இல்லாட்டி மெட்ச் இல்ல."

இந்த வாக்கியம் எனக்குள் என்ன செய்தது என்பதைச் சொல்லாமல் மீதியைச் சொல்ல முடியாது. மனைவி இறந்து, பிள்ளைகள் வெளிநாடு போய், மாதக்கணக்காக ஒரு அறைக்குள் செய்தி பார்த்துக்கொண்டு கிடந்தவன் நான். வயதானவர்கள் வெளியே வராதீர்கள் என்று தொலைக்காட்சி தினமும் சொன்னது. அந்த வயதில் இருக்கும் என்னிடம் ஒருவன், நீ வராவிட்டால் ஆட்டமே இல்லை என்கிறான். அதற்காக நான் எதையும் செய்திருப்பேன். செய்தேன் என்பதுதான் விஷயம்.

ஆட்டம் மாறியிருந்தது. பந்தை எச்சில் தொட்டுத் தேய்க்கக் கூடாது. நடுவர் தொப்பியை வாங்கிக்கொள்ள மாட்டார். இடுப்பில் செருகிக்கொண்டு பந்து வீச வேண்டும். மச்சானுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இருந்ததால் தங்கை கவலைப்பட்டாள். "வெட்டவெளிதானே, ஒண்ணும் வராது" என்று அவளைச் சமாதானப்படுத்தியவன் நான். முதல் ஆட்டத்தில் நான் மூன்று பந்துக்கு மேல் நிற்கவில்லை. அடுத்ததில் மச்சான் குனிந்தவர் நிமிர முடியாமல் நின்றார். ஆனாலும் ஞாயிறு எப்போது வரும் என்றிருந்தது.

பிறகு இரண்டாவது அலை வந்தது. பதுளைப் பக்கம் இன்னும் அவ்வளவாக இல்லை என்று நாங்களே சொல்லிக்கொண்டோம். மார்கழி மழை விட்டிருந்த ஒரு ஞாயிறு, மச்சானின் தோட்டத்து மைதானத்தில் ஆட்டம். முதல் நாளே போய்த் தங்கை வீட்டில் தங்கினேன். அதற்கு முந்தின நாளிலிருந்தே எனக்குத் தொண்டை கரகரத்தது, உடம்பு வலித்தது. மாத்திரை போட்டுக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. பஸ் பயணம், பனி என்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன்.

காலையில் மச்சானும் நானும் மைதானத்துக்கு நடந்தோம். பாதை தொழிற்சாலையை ஒட்டிப் போகிறது. சனிக்கிழமைக் கொழுந்து ஞாயிறு விடியலில்தான் சூட்டுக்கு வரும். புகைபோக்கியில் புகை எழும்பிக்கொண்டிருந்தது. உள்ளே மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. வாசம் இல்லை. நான் நின்றேன். ஆழமாக மூச்சை இழுத்தேன். வாழ்நாள் முழுக்க என் சட்டையிலும் தலைமுடியிலும் இருந்த வாசம், கண்ணுக்கு முன்னால் வெந்துகொண்டிருக்கிறது, எனக்கு ஒன்றுமே வரவில்லை. வாசம் போனால் அது இந்த நோய் என்று அதற்குள் சிறுபிள்ளைக்கும் தெரியும். "என்னடா, மூச்சு வாங்குதா? இப்பவே திரும்பிடலாமா?" என்றார் மச்சான். "நீ நட" என்றேன்.

அவ்வளவுதான். திரும்பியிருக்கலாம். எதையாவது சொல்லி வேலியோரம் தனியாக உட்கார்ந்திருக்கலாம். அறியாமல் நடந்தது என்று சொல்ல எனக்கு வழியில்லை. நாட்டில் மற்ற யாருக்கு அந்தச் சாக்கு இருந்தாலும், மூக்கால் பிழைத்த எனக்கு இல்லை.

இறங்குவதற்கு முன் மச்சான் தங்கை கொடுத்துவிட்ட பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் ஊற்றினார். ஆவி பறந்தது. கொஞ்சம் தயங்கினார். "இந்தக் காலத்துல ஒரே கோப்பையா? ஒன் தங்கச்சிக்குத் தெரிஞ்சா பின்னிடுவா." நான் கையை நீட்டினேன். பேசினால் எல்லாம் வெளியே வந்துவிடும் என்று பயந்தேன். பாதியைக் குடித்தேன். வாயில் சூடு மட்டும்தான் தெரிந்தது.

"தீர்ப்பு?" என்றார்.

"நல்ல சாயம். மேட்டு நிலத்துக் கொழுந்து. கொஞ்சம் கூடுதலா ஊறிடுச்சு."

அவர் ஒரு மிடறு வாயில் ஊற்றி, அப்படியே வெளியே துப்பும் அளவுக்குச் சிரித்தார். "டேய் பாவி! இது கொத்தமல்லித் தண்ணிடா!"

நோய் அண்டாமலிருக்க அந்த நாட்களில் வீட்டுக்கு வீடு கொத்தமல்லி அவித்துக் குடித்தார்கள். தங்கை எங்களுக்கும் அதைத்தான் ஊற்றிக் கொடுத்திருந்தாள். நான் வேண்டுமென்றே விளையாடினேன் என்று மச்சான் நினைத்தார். நானும் சிரித்தேன். அவர் மைதானம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார்: "கொத்தமல்லிய மேட்டு நிலத்துத் தேயிலைங்கிறான்யா! இவன் செஞ்ச தேயிலையத்தான் இத்தன வருஷமா வெள்ளக்காரன் குடிச்சிருக்கான்!" சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூடியில் இருந்ததைச் சொட்டு விடாமல் குடித்தார்.

அன்று நாங்கள் ஆடிய ஆட்டத்தைப்போல் இளவயதில்கூட ஆடியதில்லை. மலைச்சரிவில் வெட்டிய மைதானம். தூக்கி அடித்துப் பந்து தேயிலைக்குள் போனால் ஆட்டமிழப்பு என்பது அங்கத்துச் சட்டம். பையன்கள் தூக்கி அடித்துப் போனார்கள். கிழவர்கள் நாங்கள் தரையோடு தட்டிக்கொண்டே நின்றோம். மச்சானிடம் படித்த ஒருவன் பந்து வீசினான். "மாஸ்டர், அன்னைக்கி முட்டி போட வெச்சீங்கள்ல, இன்னைக்கி பாருங்க!" என்றான். "இன்னமும் நேரா ஒரு கோடு போடத் தெரியலியேடா ஒனக்கு" என்றார் மச்சான், பந்தை விட்டுவிட்டு. ஒவ்வொரு ஓவருக்கும் நடுவில் நாங்கள் தலையோடு தலை சேர்த்து நின்று பேசினோம். "ஓடாத, நடந்தே எடுக்கலாம். அந்தப் பய குனிஞ்சு பந்த எடுக்குறதுக்குள்ள ஒரு பூசை முடிஞ்சிரும்" என்றார் மச்சான். அவர் மூச்சு என் முகத்திலும், என் மூச்சு அவர் முகத்திலும் பட்டது. எனக்கு அது தெரிந்திருந்தது. தெரிந்தும் ஓட்டத்தை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அந்த வாரமே மச்சானுக்குக் காய்ச்சல் கண்டது. பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்; கொரோனா என்று வந்தது. அவரோடு பழகியவன் என்று என்னைப் பரிசோதித்தார்கள், எனக்கும் இருந்தது. சுகாதாரப் பரிசோதகர் தொலைபேசியில், உங்களுக்கு எப்போதிலிருந்து சுகமில்லை என்று கேட்டார். "நேத்திலிருந்து" என்றேன். அந்த ஒரு சொல்லால் வரிசை தலைகீழாகிவிட்டது. மச்சான் முதல் நோயாளி. நான் அவரிடமிருந்து வாங்கியவன். அதற்கு முந்தின வாரம் அவர் பண்டாரவளைச் சந்தைக்குப் போயிருந்தார். அங்கேதான் பிடித்துக்கொண்டு வந்தார் என்று தோட்டமே சொன்னது.

எனக்குச் சுகமாகிவிட்டது. அவர் திரும்பவில்லை.

கோயிலுக்குக் கீழே, தன் அப்பா அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் தனக்கென்று ஓரிடத்தை அவர் சொல்லி வைத்திருந்தார். ஆனால் அந்த நாட்களில் நோயில் இறந்தவர் எந்தச் சமயமானாலும் எரிப்புத்தான் என்பது அரசாங்க உத்தரவு. ஜெபமாலை சொல்ல ஒருவர் இல்லாமல், முகம் பார்க்க ஒருவர் இல்லாமல், அவரை எரித்தார்கள். தங்கை அடைபட்ட வீட்டுக்குள் இருந்து அந்தச் செய்தியைத் தொலைபேசியில் கேட்டாள்.

கீழே லயம் மொத்தத்தையும் மூடினார்கள். பலர் வேலைக்குப் போக முடியாமல் கிடந்தார்கள். திறந்த பிறகும் தங்கை வீட்டு வாசலைக் கடக்கும்போது சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அவரிடம் எழுத்துப் படித்தவர்கள். "மாஸ்டர் சும்மா கெடக்காம சந்தைக்குப் போய் எங்க வயித்துல அடிச்சாரு" என்று அவள் காதுபடவே சொன்னார்கள். கோயிலில் அவள் உட்கார்ந்த நீண்ட மர வாங்கில் வேறு யாரும் உட்காரவில்லை. வழி திறந்ததும் அவளைப் பார்க்கப் போனேன். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அவராலதானே ஒங்களுக்கும் வந்துச்சு. அவர மன்னிச்சிருங்கண்ணே."

"அதெல்லாம் பரவால்ல" என்றேன். நான் வாழ்க்கையில் பேசியதில் இதைவிடக் கேவலமான சொல் இல்லை. அவள் கணவரைக் கொன்றது மட்டுமல்ல, அவரை மன்னிக்கவும் செய்தேன்.

வருடாவருடம் அவருடைய நினைவுப் பூசை முடிந்து வீட்டில் சாப்பிடும்போது தங்கை கொத்தமல்லிக் கதையைச் சொல்வாள். அன்று இரவு அவர் அவளிடம் நடித்துக் காட்டிச் சிரித்திருக்கிறார். அதுதான் அவர் கடைசியாக வயிறு வலிக்கச் சிரித்தது என்பாள். "எங்கண்ணன் குடுத்த சிரிப்பு" என்று என் தோளைத் தொடுவாள். நான் இலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இந்த வருடப் பூசையன்றும் ஆரம்பித்தாள். வந்தவர்கள் போகும்வரை இருந்து, அவளிடம் சொன்னேன். "அது வெளையாட்டு இல்லம்மா. எனக்கு அன்னைக்கு வாசமே தெரியல. காலையிலயே தெரியல."

அவள் அழவில்லை. எச்சில் இலைகளை ஒவ்வொன்றாக மடித்து எடுத்தாள். வெளியே போட்டுவிட்டு வந்து, நின்றபடியே பேசினாள்.

"எங்கிட்ட ஏண்ணே சொல்றீங்க? நான் அவர ஒருநாளும் குத்தம் சொல்லல. சொன்னவங்க கீழ லயத்துல இருக்காங்க. ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சதும் ஃபாதர்கிட்ட ரெண்டு நிமிஷம் கேளுங்க. முன்னுக்கு நின்னு சொல்லுங்க. மாஸ்டர் கொண்டாரல, நான்தான் கொண்டாந்தேன்னு சொல்லுங்க."

"சொல்றேன்" என்றேன்.

"சொல்லிட்டு வீட்டுக்கு வாங்க. சாப்பாடு போடுறேன். அதுவரைக்கும் இந்தப் பக்கம் வராதீங்க."

அதற்குப் பிறகு எத்தனையோ ஞாயிறுகள் போய்விட்டன. அவள் கேட்டதைச் செய்யாமல், இதோ உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இது எனக்கு எளிதாக இருக்கிறது. உங்களில் யாரும் மச்சானிடம் எழுத்துப் படித்தவரில்லை. அவள் வாசலில் வாயை மூடிக்கொண்டு கடந்தவருமில்லை. இதைப் படித்துவிட்டு என்னை நீங்கள் திட்டினாலும் எனக்குக் கேட்காது. அங்கே அப்படி இல்லை. சொல்லி முடித்ததும் அந்த முகங்கள் எல்லாம் என்னைப் பார்க்கும்.

போன ஞாயிறு பண்டாரவளை வரை போனேன். பூனாகலை பஸ் நின்றுகொண்டிருந்தது. பூசைக்கு நேரமிருந்தது. கண்டக்டர், "ஏறுங்க ஐயா, முன்னுக்கு சீட் இருக்கு" என்றான்.

"அடுத்ததுல வாறேன், தம்பி" என்றேன்.

அடுத்ததும் போயிற்று.